அடிபட்ட காருக்கு விலை எழுதப்படும் நாள்

"ஃபுல் இன்சூரன்ஸ் இருக்குல்ல மாப்ள, அப்புறமென்ன?" மதுரை பழங்காநத்தம் பக்கம் ஒரு பட்டறையில், முன்பக்கம் நசுங்கிக் கிடந்த காரைப் பார்த்தவர்கள் எல்லாரும் என் தங்கை வீட்டுக்காரரிடம் சொன்னது இதைத்தான். முதல் நாள் இரவு திருச்சியிலிருந்து வரும்போது, கொட்டாம்பட்டி தாண்டி நாலு வழிச் சாலையில் மாடு குறுக்கே வந்திருக்கிறது. ஒடித்துத் திருப்பியதில் வண்டி நடுத் தடுப்பில் ஏறி மோதிவிட்டது. ஏர்பேக் விரிந்ததால் ஆளுக்கு ஒன்றுமில்லை. தங்கை அந்த ஏர்பேக் துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆள் பிழைத்ததே பெரிது. அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அடுத்த 2 மாதம் நடந்தது வேறொரு போராட்டம். இந்தக் காரின் விலை என்ன, அதை யார் சொல்வது என்பதே சண்டை. அந்த 2 மாதமும் காகிதங்களோடு அவர் கூடவே அலைந்ததில் எனக்குப் புரிந்ததை இங்கே விளக்குகிறேன். "ஃபுல் இன்சூரன்ஸ்" என்று நாம் சொல்வது பாலிசித் தாளில் எங்கேயும் இல்லாத சொல். தாளில் இருப்பது ஐ.டி.வி. (இன்ஷூர்டு டிக்ளேர்டு வேல்யூ) என்ற ஒரு எண். விபத்துக்குப் பிறகு காரின் விலையைப் பேசப் போகிறோம் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அந்த விலை, ரெனீவல் செய்த நாளிலேயே நம் சம்மதத்தோடு எழுதப்பட்டுவிட்டது.

ஐ.டி.வி. என்பது பாலிசி தொடங்கும் நாளில் வண்டியின் மதிப்பாக நாமும் கம்பெனியும் ஒப்புக்கொண்ட தொகை. அதே மாடலுக்குத் தயாரிப்பாளர் அன்றைக்குச் சொல்லும் விற்பனை விலையை எடுத்துக்கொண்டு, வண்டியின் வயதுக்கு ஏற்பக் கழிப்பார்கள். 6 மாதம் வரை 5 சதவீதம், 1 வருடம் வரை 15, 2 வருடம் வரை 20, 3 வருடம் வரை 30, 4 வருடம் வரை 40, 5 வருடம் வரை 50. இந்தப் பட்டியல், வாகன இன்சூரன்ஸுக்கான விதிகளையும் கட்டணங்களையும் வகுத்த 2002ஆம் ஆண்டு இந்திய மோட்டார் டாரிஃபில் வந்தது. பிரீமியக் கட்டுப்பாடு 2007இல் தளர்ந்த பிறகும் பாலிசி வாசகங்களில் இதுதான் தொடர்கிறது. 5 வருடத்தைத் தாண்டிவிட்டால் பட்டியல் கிடையாது. நீங்களும் கம்பெனியும் பேசி முடிவு செய்வதுதான் விலை.

இதில் இரண்டு இடங்களைப் பலரும் கவனிப்பதில்லை. ஒன்று, நீங்கள் அன்று வாங்கிய விலைக்கு இங்கே வேலை இல்லை. ரெனீவல் நாளில் இருக்கும் விலைதான் அடிப்படை. மாடலின் விலை ஏறியிருந்தால் உங்கள் ஐ.டி.வி.யும் அதற்கேற்ப இருக்கவேண்டும், அதைக் கேட்டு வாங்கலாம். இரண்டாவது, பதிவுக் கட்டணமும் நாம் மொத்தமாகக் கட்டிய ஆயுட்கால சாலை வரியும் ஐ.டி.வி.க்குள் வராது. ஷோரூமிலிருந்து ரோட்டுக்கு இறக்க ஆன மொத்தப் பணம் திரும்பி வரவேண்டுமானால் 'ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்' என்ற கூடுதல் பாதுகாப்பைத் தனியாகப் போட்டிருக்கவேண்டும். அதையும் புது வண்டிகளுக்குத்தான் தருவார்கள்.

ஆன்லைனில் ரெனீவல் செய்யும்போது ஐ.டி.வி.யைக் கூட்டிக் குறைக்க ஒரு கோடு இருக்கும். இடது பக்கம் இழுத்தால் பிரீமியம் சில நூறு ரூபாய் குறையும். பக்கத்துத் தெரு ஏஜென்ட்டும் "குறைச்சுப் போட்டுருவமாண்ணே?" என்று நல்லெண்ணத்தில்தான் கேட்பார். நாமும் சரி என்போம். அந்தச் சில நூறு ரூபாய்க்குப் பதிலாக வண்டியின் விலையில் முப்பதாயிரம், நாற்பதாயிரத்தை விட்டுக்கொடுத்தோம் என்பது, வண்டி நசுங்கினால்தான் தெரியவரும். 7, 8 வருடம் ஓடிய, நன்றாகப் பராமரித்த கார்களுக்கு இது இன்னும் முக்கியம். செகண்ட் ஹேண்ட் சந்தையில் அப்படி ஒரு வண்டி போகிற விலைக்கும் பாலிசியில் கிடக்கிற எண்ணுக்கும் பெரிய இடைவெளி இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த இடைவெளியை அடைக்க ரெனீவல் நாள் ஒன்றுதான் வாய்ப்பு.

இனி 75 சதவீதம் என்ற கோட்டுக்கு வருவோம். வண்டியை மீட்டு வந்து பழுது பார்க்க ஆகும் செலவு, பாலிசி நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அதை முழு இழப்பாகக் கருதி ஐ.டி.வி.யைக் கொடுக்கவேண்டும். பட்டறையில் 'டோட்டல் லாஸ்' என்கிறார்கள். தாண்டாவிட்டால் பழுது பார்க்கும் செலவை மட்டும், அதுவும் கழிவுகள் போக, கொடுப்பார்கள். மீட்டு வரும் செலவும் இந்தக் கணக்கில் சேரும். ஆனால் ரெக்கவரி வண்டிக்கு என்று கார் பாலிசியில் வழக்கமாகத் தருவது 1,500 ரூபாய்தான். கொட்டாம்பட்டியிலிருந்து இழுத்து வர எங்களுக்கு அதைப்போல மூன்று மடங்கு ஆனது.

இழப்பை மதிப்பிடும் சர்வேயர் மறுநாளே வந்துவிட்டார். மோட்டார் இழப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் உரிமம் பெற்ற சர்வேயர் பார்த்தே ஆகவேண்டும். வந்தவர் மரியாதையான மனிதர். செல்போனில் படமெடுத்தார், சேஸிஸ் நம்பரைத் துடைத்துப் பார்த்தார், டயரைத் தடவினார். பட்டறை எஸ்டிமேட்டில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'மாற்று', 'ரிப்பேர்' என்று பேனாவால் குறித்தார். பானெட் மாற்று. ஃபெண்டர் ரிப்பேர். ஹெட்லைட் ஒன்று மாற்று, இன்னொன்றுக்கு எதுவும் எழுதவில்லை. அந்த 'மாற்று', 'ரிப்பேர்' என்ற இரண்டு சொல்லில்தான் லட்ச ரூபாய் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போகிறது. அந்த நேரத்தில் வண்டிக்காரர் பக்கத்தில் நிற்கவேண்டும், டிங்கரிங் பார்க்கிற மேஸ்திரியும் நிற்கவேண்டும். "இந்த ஃபெண்டர் இழுத்தா நிக்காது சார், மடிப்புல கிழிஞ்சிருச்சு" என்று மேஸ்திரி காட்டிய பிறகுதான் ஒரு 'ரிப்பேர்' 'மாற்று' ஆனது.

கணக்கு புரிவதற்காக எண்களைச் சற்று ரவுண்டாக்கிச் சொல்கிறேன். பாலிசி தொடங்கிய நாளில் மாடலின் விலை 8,00,000. மூன்று வருடம் தாண்டி நான்கைத் தொடாத வண்டி என்பதால் 40 சதவீதம் கழித்து ஐ.டி.வி. 4,80,000. அதில் 75 சதவீதம் 3,60,000. இதுதான் கோடு.

பட்டறை எஸ்டிமேட் 4,20,000. கோட்டைத் தாண்டிவிட்டது, டோட்டல் லாஸ்தான் என்று நாங்கள் நினைத்தோம். சர்வேயரின் கணக்கு வேறு மாதிரி இருந்தது. பிளாஸ்டிக், ரப்பர், நைலான் பாகங்கள், டயர், பேட்டரி, ஏர்பேக் எல்லாவற்றுக்கும் பாதி விலைதான். அந்த வகையில் 1,50,000 இருந்தது, 75,000 போய்விட்டது. இரும்புத் தகடு பாகங்களுக்கு வயதைப் பார்த்துக் கழிவு, மூன்றிலிருந்து நான்கு வருடத்துக்கு 25 சதவீதம். 1,40,000இல் 35,000 போனது. கண்ணாடிக்குக் கழிவே இல்லை, 20,000 அப்படியே நின்றது. பெயிண்டிங் 80,000 என்று ஒரே தொகையாக எழுதியிருந்ததால், அதில் கால் பங்கை மட்டும் பெயிண்ட் சாமான் என்று எடுத்து, அதில் பாதியான 10,000ஐக் கழித்தார். கூலி 30,000க்குக் கழிவில்லை. ஆக மொத்தம் 1,20,000 கழிவு. கம்பெனியின் பொறுப்பு 3,00,000. கோடு 3,60,000. எனவே டோட்டல் லாஸ் இல்லை, ரிப்பேர்தான் என்றார். 1500 சி.சி. வரையிலான காருக்கு நாம் கட்டாயம் ஏற்கவேண்டிய 1,000 ரூபாயையும் சேர்த்தால், மாப்பிள்ளை கையிலிருந்து 1,21,000 போட்டு ரிப்பேர் பார்க்கவேண்டும்.

இந்தச் சந்தில்தான் நடுத்தரக் குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன. பில்லைப் பார்த்தால் வண்டி கோட்டைத் தாண்டிவிட்டது, கழிவு போன பிறகு பார்த்தால் தாண்டவில்லை. 'பாலிசி நிபந்தனைகளுக்கு உட்பட்டு' என்ற சொற்களைக் காட்டித்தான் கழிவு போன தொகையைக் கோட்டோடு ஒப்பிடுகிறார்கள். பாகங்களுக்குக் கழிவு பிடிக்காத 'ஜீரோ டெப்' என்ற கூடுதல் பாதுகாப்பைப் போட்டிருந்தால், நம்மூரில் பம்பர் டு பம்பர் என்று சொல்வோமே, அந்த 1,20,000 கழிவு இருந்திருக்காது. பொறுப்பு 4,20,000 என்று நின்றிருக்கும், கோட்டைத் தாண்டி ஐ.டி.வி. முழுதாகக் கைக்கு வந்திருக்கும். ஜீரோ டெப்பை எல்லாரும் பம்பர் கீறலுக்கான பாதுகாப்பு என்றே நினைக்கிறார்கள். பெரிய விபத்தில், வண்டி கோட்டுக்கு எந்தப் பக்கம் விழும் என்பதையே அது மாற்றிவிடும். 5 வருடத்துக்குள் இருக்கும் வண்டிக்கு அதை விடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

எங்களைக் காப்பாற்றியது பட்டறை மேஸ்திரி சொன்ன ஒரு வார்த்தை. "பிரிக்காமப் போட்ட எஸ்டிமேட்டுல கையெழுத்துப் போட்றாதீங்கண்ணே. ரேடியேட்டரைக் கழட்டிப் பாக்கணும்." கழற்றினார்கள். முன் சேஸிஸ் கால் வலது பக்கம் விரலளவு உள்வாங்கியிருந்தது. அளவு நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாகப் பிடித்துக் காட்டினார், இரண்டு மூலைவிட்டமும் ஒத்துப்போகவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கூடுதல் எஸ்டிமேட் போட்டு, சர்வேயரை மறுபடி கூப்பிட்டோம். இரும்பு பாகம் 60,000, கழிவு போக 45,000. கூலி 25,000. பொறுப்பு 3,70,000 ஆனது. கோட்டைத் தாண்டிவிட்டது. சர்வேயர் மறுக்கவில்லை, அளந்து பார்த்து அவரே எழுதினார்.

பிரச்சினை அதற்குப் பிறகு கம்பெனி அலுவலகத்திலிருந்து வந்தது. "டோட்டல் லாஸ் சரி சார், ஆனா இந்த மாடல் இப்ப மார்க்கெட்ல 4,10,000க்கு மேல போகல. அதைத்தான் தர முடியும்" என்று போனில் சொன்னார்கள். இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் தலையாட்டிவிடுகிறார்கள். அந்தக் குரலில் இருக்கும் நிச்சயம் அப்படி. மாப்பிள்ளையும் "வர்றது வரட்டும் மச்சான், அலைய முடியல" என்றார். நான் பாலிசி வாசகத்தை எடுத்து அவர் முன்னால் படித்தேன். முழு இழப்பு கிளைமில், ஐ.டி.வி.யே பாலிசி காலம் முழுவதும் சந்தை மதிப்பாகக் கருதப்படும், அதற்கு மேல் தேய்மானம் கழிக்கப்படாது என்பதுதான் அதன் பொருள். மோட்டார் டாரிஃப் வாசகமும் அதுவே. 4,80,000க்குப் பிரீமியம் வாங்கிவிட்டு 4,10,000க்கு விலை பேச இடமே இல்லை. 2008இல் உச்ச நீதிமன்றமும் ஒரு கார் வழக்கில் இதையே சொன்னது. ஒரு மதிப்பை ஏற்றுக்கொண்டு பிரீமியம் வாங்கிய கம்பெனி, விபத்து நடந்த பிறகு அந்த மதிப்பு அதிகம் என்று பின்வாங்க முடியாது.

போனில் பேசுவதை அன்றோடு நிறுத்தினோம். பாலிசி எண், கிளைம் எண், அந்த வாசகம், எங்கள் கோரிக்கை ஆகியவற்றை நாலு வரியில் எழுதி கம்பெனியின் குறைதீர்ப்பு அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். சர்வே அறிக்கையின் நகலும் கேட்டோம். கேட்டால் தரவேண்டியது அவர்கள் கடமை. கால வரம்பும் இருக்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024இல் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, தகவல் சொன்ன 24 மணி நேரத்தில் சர்வேயர், 15 நாளில் அறிக்கை, அறிக்கை கிடைத்த 7 நாளில் முடிவு. இந்த நாட்களைத் தேதி போட்டு மின்னஞ்சலில் குறிப்பிட்டால் எதிர்முனையின் தொனியே மாறுகிறது. போனில் பிடிவாதமாகச் சொன்ன 4,10,000ஐ எழுத்தில் தர அவர்கள் முன்வரவில்லை. 9ஆம் நாள் ஐ.டி.வி. ஒப்புக்கொள்ளப்பட்டது.

ஆனால் கடிதத்தில் இன்னொரு வரி இருந்தது. வண்டியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அதன் மதிப்பு 1,70,000 போக 3,09,000 தருகிறோம். நசுங்கிய வண்டியின் மதிப்பை 'சால்வேஜ்' என்பார்கள். ஏலத்தில் யாராவது வெளியூர் வியாபாரி கேட்ட விலையைத்தான் போடுவார்கள். அந்த வியாபாரி கடைசி நேரத்தில் வரவில்லை என்றால், அல்லது வந்து "இது 1,20,000தான் பெறும்" என்றால், அந்த நஷ்டம் வண்டியை வைத்துக்கொண்டவர் தலையில். வைத்துக்கொள்வதில் தவறில்லை. பழைய பாகங்களுக்கு விலை தெரிந்தவர்களுக்கு லாபம்கூட வரும். மற்றவர்கள், வியாபாரியின் பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகே சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடவேண்டும். நாங்கள் வண்டியைக் கம்பெனியே எடுத்துக்கொள்ளட்டும், 1,000 ரூபாய் போக 4,79,000 முழுதாக வேண்டும் என்று எழுதினோம்.

கையெழுத்து என்றதும் டிஸ்சார்ஜ் வவுச்சரைப் பற்றிச் சொல்லவேண்டும். 'முழு மற்றும் இறுதித் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்' என்று அச்சடித்திருக்கும். தொகையில் உடன்பாடு இல்லை, ஆனால் பணம் அவசரமாகத் தேவை என்றால், 'ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று கையால் எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள், ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்படி எழுதாமல் போட்டுவிட்டாலும் கதவு மூடிவிடவில்லை. வவுச்சரில் கையெழுத்திட்டதாலேயே கூடுதல் இழப்பீடு கேட்கும் உரிமை போய்விடாது என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2015இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. சர்வேயரின் கணக்கும் கடைசி வார்த்தை அல்ல. அது ஆதாரங்களில் ஒன்று, அதிலிருந்து விலகவே முடியாதது அல்ல என்று 2009இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் வேறொரு பட்டறையின் எஸ்டிமேட், பிரித்த பாகங்களின் தேதியிட்ட படங்கள், மாடலின் அன்றைய விலைப் பட்டியல் எல்லாம் வீண் காகிதங்கள் அல்ல.

கம்பெனி மறுத்தாலோ, ஒரு மாதம் பதில் சொல்லாவிட்டாலோ, இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்கும் அதிகாரியான இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, வக்கீலை அனுமதிப்பதும் இல்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கையை விசாரிக்கலாம், வீடியோ வழியாகவும் விசாரணை நடக்கிறது. கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போகவேண்டும், அவர் தரும் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். அல்லது மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் ஊரிலேயே போட முடியும், கம்பெனியின் தலைமை அலுவலகம் மும்பையில் இருந்தாலும் சரி. கட்டணம் நாம் கொடுத்த பிரீமியத்தை வைத்துத்தான் கணக்கிடப்படும் என்பதால் கார் பாலிசிக்கு அனேகமாக ஒரு பைசாவும் இல்லை. 2 வருடம் கெடு. மேல்முறையீட்டுக்கு மாநில ஆணையத்தின் கிளையும் மதுரையிலேயே அமர்கிறது. இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் நிற்க முடியாது. தொகை மட்டுமே சண்டை என்றால் ஆம்பட்ஸ்மேன் வழி எளிது என்று நினைக்கிறேன். அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் சேர்த்துக் கேட்கவேண்டும் என்றால் நுகர்வோர் ஆணையம்.

ஒன்றை மட்டும் எந்த பாலிசியிலும் கேட்க முடியாது. ரிப்பேர் பார்த்த கார், விற்கப் போகும்போது 'அடிபட்ட வண்டி' என்று விலை குறையும். வாங்க வருபவர்கள் பானெட்டைத் தூக்கி ஏப்ரன் வெல்டிங் புள்ளிகளைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அந்த விலைக்குறைவை நம்முடைய பாலிசி தொடர் நஷ்டம் என்று ஒதுக்கிவிடுகிறது. சேஸிஸ் அடிபட்ட வண்டியை ரிப்பேரில் விட்டுவிடாமல், டோட்டல் லாஸுக்கு நியாயமாக வாதாடச் சொல்வது இதனால்தான்.

பணம் வந்தபோது விபத்து நடந்து 55 நாள் ஆகியிருந்தது. கார் லோன் பாக்கி இருந்ததால் தொகை முதலில் வங்கிக்குப் போனது. வங்கி தன் 1,12,000ஐ எடுத்துக்கொண்டு, மிச்சம் 3,67,000 மாப்பிள்ளை கணக்கில் விழுந்தது. கம்பெனி அனுப்பிய ஆள் வண்டியைத் தூக்கிக்கொண்டு போன அன்று, அவர் நேராக ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போனார். ஓட்ட முடியாதபடி அழிந்த வண்டியைப் பற்றி 14 நாளுக்குள், அல்லது முடிந்தவரை விரைவில் தெரிவித்து, ஆர்.சி.யை ரத்து செய்யவேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆவது பிரிவு. அதைச் செய்யாமல் விட்டால், அந்த வண்டியை யாரோ எங்கேயோ சரிசெய்து ஓட்டி, யார் மீதாவது மோதினால் சம்மன் வருவது நம் வீட்டு விலாசத்துக்கு. வங்கியின் தடையில்லாச் சான்று, கம்பெனியின் கடிதம், ஆர்.சி. மூன்றையும் கொடுத்து, முத்திரை குத்திய நகலை வாங்கிப் பையில் வைத்துக்கொண்ட பிறகுதான் வீட்டுக்கு பஸ் ஏறினார்.